நியூசிலாந்தும் பசிபிக் அணுகுண்டுச் சோதனைகளும்

தென் பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திவந்த அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துவதற்காக நியூசிலாந்து ராஜதந்திர வழியிலும் சட்ட வழியிலும் நடத்திய போராட்டம் 1973 முதல் 1996 வரை நீண்டது. அது தொடங்கியபோது நியூசிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். எதிரில் நின்றதோ ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ அதிகாரம் பெற்ற வல்லரசு.

அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு பிரான்ஸ் தன் சோதனைக் களத்தை பிரெஞ்சு பாலினீசியாவின் முருரோவா, ஃபாங்கடாஃபா பவளத்தீவுகளுக்கு மாற்றியது. 1966 ஜூலையில் அங்கே முதல் குண்டு வெடித்தது. வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்த 1963-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கையெழுத்திடவில்லை. 1974 வரை 40-க்கும் மேற்பட்ட குண்டுகளைத் திறந்த வெளியிலேயே வெடித்தது.

1972 இறுதியில் பிரதமரான நார்மன் கிர்க், கண்டனக் கடிதங்களோடு நிற்கவில்லை. 1973 மே 9 அன்று நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. கதிரியக்கத் தூசு விழும்படியான சோதனைகளைத் தவிர்க்க வேண்டும் என்று ஜூன் 22 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நீதிமன்றத்துக்கு இவ்வழக்கில் அதிகாரமே இல்லை என்று வாதிட்ட பிரான்ஸ் விசாரணைக்கும் வரவில்லை, உத்தரவையும் மதிக்கவில்லை.

அடுத்து கிர்க் செய்ததற்கு ராஜதந்திர வரலாற்றில் இணை காண்பது அரிது. 'ஒடாகோ' என்ற போர்க்கப்பலை முருரோவாவுக்கு அருகே சர்வதேசக் கடற்பரப்புக்கு அனுப்பினார். உடன் செல்லும் அமைச்சரைத் தேர்ந்தெடுக்க, அமைச்சர்களின் பெயர்களைத் தொப்பியில் இட்டுக் குலுக்கினார். குடிவரவு அமைச்சர் ஃபிரேசர் கோல்மனின் பெயர் வந்தது. சண்டையிட அல்ல, சாட்சியாக நிற்கவே கப்பல் சென்றது. ஜூலை 21 அன்று குண்டு வெடித்ததை அதிலிருந்தோர் கண்டனர். கப்பலில் இருந்த செய்தியாளர்கள் உலகுக்குச் சொன்னார்கள். பிறகு 'கேன்டர்பரி' கப்பல் அந்த இடத்துக்கு வர, கோல்மன் அதில் ஏறிக்கொண்டார்.

1974-இல் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிடுவதாக பிரான்ஸ் அறிவித்தது. கிர்க் அந்த ஆகஸ்டில் காலமானார். ஒரு நாடு பகிரங்கமாகத் தரும் வாக்குறுதி அதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றும், ஆகவே வழக்குக்கு இனி இலக்கு இல்லை என்றும் டிசம்பர் 20 அன்று நீதிமன்றம் கூறிவிட்டது. சோதனைகள் சட்டவிரோதமா என்ற மூலக் கேள்வி விடையின்றியே நின்றது. குண்டுகள் நிலத்தடிக்குப் போயின. ஆனால் தீர்ப்பின் அடிப்படை பாதிக்கப்பட்டால் நியூசிலாந்து மீண்டும் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 63-ஆம் பத்தி ஒரு கதவைத் திறந்து வைத்தது.

தென் பசிபிக்கை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் யோசனையை நியூசிலாந்து 1975-இல் ஐ.நா.வில் முன்வைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1985 ஆகஸ்ட் 6 அன்று, அது ரரொடொங்கா ஒப்பந்தமாக உருப்பெற்றது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், சோதனைகளை எதிர்த்து முருரோவாவுக்குப் புறப்படவிருந்த 'ரெயின்போ வாரியர்' என்ற கப்பலை பிரெஞ்சு உளவாளிகள் ஆக்லாந்து துறைமுகத்தில் குண்டுவைத்து மூழ்கடித்திருந்தனர். புகைப்படக்காரர் ஒருவர் உயிரிழந்தார்.

1992-இல் நிறுத்திவைத்த சோதனைகளை மீண்டும் தொடங்கப்போவதாக 1995-இல் அதிபர் ஜாக் சிராக் அறிவித்ததும், நியூசிலாந்து 63-ஆம் பத்தியைக் கையிலெடுத்தது. முந்தைய தீர்ப்பு வளிமண்டலச் சோதனைகளை மட்டுமே குறித்தது என்று 12-க்கு 3 என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. மாறுபட்ட மூவரில் இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரியும் ஒருவர். நிலத்தடி வெடிப்புகளும் அதே கதிரியக்க ஆபத்தை எழுப்புவதால் மனுவை விசாரித்திருக்க வேண்டும் என்ற அவரது வாதம், வருங்காலத் தலைமுறைகளின் உரிமையையும் முன்னிறுத்தியது. இந்த வழக்கில் நெடுநாள் நிலைக்கத்தக்க எழுத்து அதுவே.

1996 ஜனவரி 27 அன்று பிரான்ஸ் தன் கடைசிக் குண்டை வெடித்தது. மார்ச்சில் ரரொடொங்கா ஒப்பந்தத்தின் நெறிமுறைகளிலும், செப்டம்பரில் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது.