மட்டம் யாருக்காக?

போடியிலும் கம்பத்திலும் இன்று பெருத்த டயர்களோடும் உயர்த்திய மூக்கோடும் நிற்கும் ஜீப்களைக் காணலாம். முன்பக்க ஸ்பிரிங்குகளோடு சில கட்டைகளைச் சேர்த்து வண்டியின் முன்புறத்தைப் பின்புறத்துக்குச் சமமாக உயர்த்துகிறார்கள். அந்தத் துணைக்கருவிக்கு 'லெவலிங் கிட்' என்று பெயர். இதை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மலையேற எந்தச் சக்கரம் வேண்டும், வண்டியை எப்படிச் சாயாமல் நிறுத்துவது என்ற கேள்விகள் இந்த அடிவாரத்துக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பழகியவை.

1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 'ஈவிங்' முறை என்று அதைச் சொல்வார்கள். பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மேல் உருளும் சிறு சக்கரங்கள் சுமந்தன. வண்டி கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வந்தது. இழுத்தவை மாடுகள். டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலை, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. 1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதையாக மாறியது. கொல்லம் ஆண்டு 1099ஐக் குறித்து மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்லும் 1924ஆம் ஆண்டுப் பெருமழை அதை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல்தான். அடிவாரத்துக்கு ரயில் வந்து சேர்ந்தபோது மலைமேல் ரயில் இல்லை.

அந்தப் பக்கச் சக்கரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பாரம் ஏறிய வண்டியை நிமிர்த்தி வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. வெற்று வண்டியின் அழகு அதன் கணக்கில் இல்லை.

ஜீப் இந்தக் கதைக்குள் வருவது இரண்டாம் உலகப்போருக்குப் பின். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைப் போருக்காகச் செய்தன. 1945இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனம், 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த மூல ஜீப்பின் டயர் ஆறங்குல அகலம் மட்டுமே. 16 அங்குலச் சக்கரத்தில் மாட்டியது. ஒல்லியான அந்தக் கால்களின் வாரிசுகள்தான் பின்னர் ஏலமலைகளை ஏறின. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே செல்கிறது. கற்கள் நிறைந்த அந்தப் பாதையில் ஜீப்களே ஏறுகின்றன.

பெரிய டயரால் பயனில்லை என்று சொல்ல முடியாது. 28 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயரை மாட்டினால் அச்சின் அடிப்பகுதி ஒன்றரை அங்குலம் உயரும், கல்லில் இடிக்காது. ஆனால் மலை அதற்கு விலை கேட்கும். கியர் மாறாத நிலையில் சக்கரத்துக்கு வரும் இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவும் அதே அளவு குறையும். வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 55இல் போய்க்கொண்டிருக்கும்.

மட்டம் செய்வதில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. சுமை ஏற்றும் வண்டிகள் பலவற்றில் பின்புறம் சற்றே உயர்ந்திருப்பது பிழையல்ல. அது பின்னால் ஏறப்போகிறவர்களுக்காகத் தொழிற்சாலை விட்டுவைத்த இடம். அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி தானாக மட்டமாகிவிடும். காலியாக நிற்கும்போதே மட்டம் செய்துவிட்டால், ஆள் ஏறியதும் பின்புறம் தாழும், மூக்கு வானம் பார்க்கும். முகப்பு விளக்கு எதிரே வருபவனின் கண்ணில் அடிக்கும். ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடி தளரும். கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்குக்குச் சக்கரம் கட்டுப்பட வேண்டிய நேரம் அதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கின் ஜீப்கள் காலியாகப் போவது குறைவு. விடியுமுன் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலையில் இறங்கி வருகிறார்கள். அனுமதித்ததற்கு மேல் ஆட்கள் ஏற்றப்படுவதும் ஜீப்கள் கவிழ்வதும் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை. வண்டியின் உயரத்தில் கூடும் ஒவ்வொரு அங்குலமும் அவர்களுடைய உயிரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டம் தாளில் உள்ள அளவுகளைப் பார்க்கிறது. மலை பாரத்தைப் பார்க்கிறது.

மாடு இழுத்த காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தை அமைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. வண்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம், கடைசி ஆளும் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.