ஆசிரியர் சம்பளத்தின் இருநூறு ஆண்டுகள்

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளம் என்று யாரும் ஒரு தொகையை நிர்ணயித்ததில்லை. எத்தனை பிள்ளைகள் வந்தார்களோ அத்தனை வீடுகளிலிருந்து அவருக்குக் காசும் நெல்லும் காய்கறியும் வந்தன. பண்டிகை நாட்களில் தனி வரும்படி உண்டு. நவராத்திரியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் சென்றால் கிடைப்பதும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்தது. மழை பொய்த்து நெல் குறைந்தால் ஆசிரியர் வீட்டு அடுப்பும் சோர்ந்தது. அவர் கற்பித்த எண்சுவடியும் கடிதம் எழுதும் பழக்கமும் ஊரின் கணக்குவழக்குக்கு இன்றியமையாதவை. ஆனால் அவருக்குரிய கூலி ஊராரின் மனத்தையும் விளைச்சலையும் நம்பியே இருந்தது.

இந்த வருமானத்தை முதலில் கணக்கிட முயன்றவர் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ. 1822-இல் அவர் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் விவரம் கேட்டார். வந்து சேர்ந்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் மன்றோ, ஒரு பிள்ளைக்கு மாதம் நான்கு முதல் எட்டு அணா வரை வாங்கும் ஆசிரியருக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் பதிவு செய்தார். மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் தாசில்தார் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தர வேண்டும் என்பது அவருடைய திட்டம். 9 ரூபாய்க்காரர் பிள்ளைகளிடமிருந்தும் அதே அளவு பெற்றுக்கொள்வார் என்று அவர் கணக்குப் போட்டார். அரசுப் பணத்தில் ஆசிரியர் ஊதியம் என்ற எண்ணம் இங்கு வேர்விட்டது அப்போதுதான். மறு ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். திட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை.

1854-இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழியைத் திறந்தது. மானியத்தை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பது ஒரு முறை. மாணவர் தேர்ச்சியை எண்ணிப் பணம் தருவது இன்னொரு முறை. இரண்டாவது முறை இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளில் உருவானது. அங்கே ஒரு பிள்ளைக்கான 12 ஷில்லிங்கில் 4 வருகைக்கும், 8 வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் தேர்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டன. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை மாகாணத்திலோ 1860-களில் தொடக்கப் பள்ளிகளுக்கு அதே முறை பரவி வேரூன்றியது.

அந்த ஏற்பாட்டில் ஆசிரியரின் ஓராண்டு வாழ்க்கை இன்ஸ்பெக்டர் வரும் ஒரே நாளில் முடிவாயிற்று. ஒவ்வொரு பையனையும் நிறுத்தி வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குக் கொடுத்துப் பார்ப்பார் அவர். தேறிய தலைகளுக்குத் தக்கபடி மானியம். அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளை ஆசிரியருக்கு நஷ்டம். மெதுவாகக் கற்கும் பிள்ளை அவருக்குச் சுமை. பாடநூலை மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பதே பிழைக்கும் வழி என்பதால், பரீட்சைக்கு வராத எதற்கும் வகுப்பில் இடம் இல்லாமல் போனது. அரசுக்கு இதில் மலிவு இருந்தது, உண்மை. பல திண்ணைப் பள்ளிகள் அரசின் பார்வைக்குள் வந்ததும் இதன் வழியேதான். ஆனால் வறுமையும் பசியும் உள்ள ஊரில் குறையும் தேர்ச்சிக்கு ஆசிரியரின் வயிற்றைப் பொறுப்பாக்கியது நியாயமான முறை அல்ல. 1904-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் கர்சன் அரசு இந்த முறையைக் கைவிடச் சொன்னது. அதன்பின் சில ஆண்டுகளில் சென்னையும் அதை விட்டது.

அடுத்த அளவுகோல் சான்றிதழ். எந்த வகுப்பு வரை படித்தார், எந்தப் பயிற்சி முடித்தார் என்பதைக் கொண்டு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு, செகண்டரி கிரேடு என்று ஆசிரியர்கள் பிரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேலே எல்.டி. பட்டம் பெற்ற பட்டதாரிகள். பட்டத்தின் பெயர் பிறகு பி.டி. ஆகி, பி.எட். என்றும் மாறிவிட்டது, பட்டதாரி ஆசிரியரை இன்றும் பள்ளிகளில் பி.டி. அசிஸ்டென்ட் என்றே அழைக்கிறார்கள். தமிழ்ப் பண்டிதர் இந்த ஏணியில் தாழ்ந்த படியில் நின்றார். 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்குச் சம்பளம் 50 ரூபாய். அதே கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர்கள் பெற்றது வேறு தரம். தமிழ் கற்பிப்பவருக்குக் குறைந்த சம்பளம் என்ற இந்தப் பழக்கம் பள்ளிகளில் அடுத்த நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. பயிற்சிச் சான்றிதழ் வேறொரு கதவையும் திறந்தது. சென்னை ஐஸ் ஹவுஸில் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லத்தில் வளர்ந்த இளம் விதவைகள் பலர் ஆசிரியைகளாகித் தம் சம்பளத்தில் வாழ்ந்தார்கள்.

ஒரே சான்றிதழ் பெற்றவர்களுக்கும் ஒரே வாழ்க்கை கிடைக்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் இருந்தது. மாவட்டக் கழகம், நகராட்சி, தனியார் நிர்வாகம் ஆகியவற்றின் பள்ளிகளில் பணியாற்றியவர்களுக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிகள் சிலவற்றில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறைந்த தொகையைக் கையில் வாங்கும் அவலமும் இருந்தது. கோடை விடுமுறைக்கு முன் வேலையிலிருந்து நீக்கி, பள்ளி திறந்ததும் மீண்டும் சேர்த்துக்கொண்டால் நிர்வாகத்துக்கு இரு மாதச் சம்பளம் மிச்சம். தென்னிந்திய ஆசிரியர் சங்கம் முதல் பல அமைப்புகள் இவற்றுக்காகப் போராடின. 1955-இல் காமராசர் அரசு ஓய்வூதியம், வைப்பு நிதி, காப்பீடு மூன்றையும் இணைத்த திட்டத்தை உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதற்கு முன்னோடி இல்லை. 1973-இன் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகம் நினைத்தபோது வெளியேற்றும் வழக்கத்துக்குக் கடிவாளம் இட்டது. 1981 ஜூன் 1 அன்று ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள்.

1988 ஜூன் 1 முதல் மத்திய அரசு ஊழியருக்கு இணையான ஊதிய விகிதம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு அப்போது 1,200–2,040 ரூபாய்; 1996-இல் அது 4,500–7,000 ஆனது.

இன்றைய ஏணி அந்தக் காலத்தில் உறுதிப்பட்டதுதான். பணியில் சேர்பவர் முதலில் இரண்டு ஆண்டு தகுதிகாண் பருவத்தை முடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய உயர்வு, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்ற நான்கு காலாண்டுகளில் அவரவர் சேர்ந்த நாளை ஒட்டி வரும். ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை. பதவி உயர்வுக்கு இடமே இல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு இந்த இரண்டு நிலைகளும்தான் ஆறுதல். பணியில் இருந்தபடியே எம்.ஏ., எம்.எட். முடித்தவர்களுக்கு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் பலரை அஞ்சல்வழிப் படிப்பில் சேரத் தூண்டிய அந்தச் சலுகையை அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பின்னாளில் ஒருமுறை மட்டும் தரும் தொகை அதன் இடத்தைப் பிடித்தது. இப்போதைய ஊதிய நிலைகளின்படி இடைநிலை ஆசிரியர் 20,600 ரூபாயிலும், பட்டதாரி ஆசிரியர் 36,400 ரூபாயிலும், முதுகலை ஆசிரியர் 36,900 ரூபாயிலும் அடிப்படை ஊதியத்தைத் தொடங்குகிறார்கள். முதல் இரண்டு படிகளுக்கும் இடையில் உள்ள பள்ளத்தையும், அடுத்த இரண்டுக்கும் இடையில் உள்ள நூலிழையையும் பார்த்தால், சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவரை இந்த அமைப்பு எங்கே வைத்திருக்கிறது என்பது விளங்கும்.

பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியலைச் சார்ந்தது. இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராகலாம், பட்டமும் பி.எட்.டும் இருந்தால் பட்டதாரி ஆசிரியராகலாம். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று அந்தத் தடம் மேலே போகும். உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு முன் முதுகலை ஆசிரியர் பதவி, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி என்று இரண்டு வழிகள். முதுகலை ஆசிரியர் மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகி, மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் வரை உயரலாம். தொடக்கக் கல்வியில் முன்னுரிமை நெடுங்காலம் ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. பக்கத்து ஒன்றியத்துக்கு மாறுதல் கேட்டுப் போனவர் அங்குள்ள பட்டியலின் கடைசியில் நிற்க நேர்ந்தது. சொந்த ஊர்ப் பக்கம் வந்ததற்கு விலை, பல ஆண்டுப் பணி மூப்பு. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 இதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. சங்கங்கள் பல அதை எதிர்த்து வீதிக்கு வந்தன. பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வு வேண்டுமானால் வெகுதூரம் போக நேரும் என்பது அவர்கள் முன்வைத்த முக்கியக் காரணம்.

பணி மதிப்பீடு இந்தப் பட்டியலில் சொற்ப அளவிலேயே பேசுகிறது. நன்றாகக் கற்பிப்பதால் ஒருவர் பட்டியலில் முன்னே போவதில்லை. குற்றச்சாட்டு இருந்தால் மட்டும் நின்றுவிடுகிறார். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை நிலுவையில் இருப்பவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஆண்டாய்வில் அலுவலர் எழுதும் குறிப்புகள் கோப்பில் தங்குகின்றன. செப்டம்பர் 5 அன்று வழங்கப்படும் நல்லாசிரியர் விருது பெருமை தருமே தவிர, மேல்படிக்கு ஏற்றாது. அதே வேளையில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் ஆசிரியர் எழுந்து நின்று விளக்கம் தர வேண்டியிருக்கிறது. மானியக் கணக்கிலிருந்து நூறாண்டுக்கு முன் வெளியேறிய தேர்வு முடிவு, அதிகாரிகளின் மேசையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்த தேதியே ஆசிரியரின் தரத்தைப் பிரிக்கும் கோடானது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. பங்களிப்பு ஓய்வூதியம் அதன் இடத்துக்கு வந்தது. ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அக்காலத்தில் புதிதாக எடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம்தான்: இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000, முதுகலைக்கு 4,500 ரூபாய். 2006 ஜூன் 1 அன்றுதான் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள்.

இன்னும் ஆழமான கோடு 2009 ஜூன் 1. ஆறாவது ஊதியக் குழுவின்படி பழைய 4,500 ரூபாய் 1.86-ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆனது. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கோ தொடக்கம் 5,200. இருவருக்கும் தர ஊதியம் ஒன்றே, 2,800. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறையில் ஒரே பாடநூலைக் கற்பிக்கும் இருவரிடையே அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வித்தியாசம் விழுந்தது. அகவிலைப்படியும் அடுத்த ஊதியத் திருத்தமும் அந்த வித்தியாசத்தைப் பெருக்கிக்கொண்டே போயின. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். அவர்களின் கோரிக்கையில் மிகை எதுவும் இல்லை. ஏணியில் கால் வைக்கவே இடம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். தொகை பின்னர் படிப்படியாகக் கூடியது. பணி நிரந்தரம் வரவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பணியில் இருப்பவர்களுக்கும் கட்டாயம் ஆக்கியது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம். ஆனால் தேர்வில் தேறாமல் அவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை. அந்தத் தகுதித் தேர்வே இல்லாத காலத்தில் முறைப்படி நியமனமாகி, இருபது இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்று, பட்டியலில் தம் முறைக்குக் காத்திருந்தவர்களும் அந்தத் தீர்ப்புக்குள் அடங்குகிறார்கள்.