914.4 மில்லிமீட்டரின் கதை



உங்களில் சிலர் லேத், வெல்டிங், மரவேலைப் பட்டறை நடத்துகிறீர்கள். வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே ஷெட்டை மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 51-ஆவது விதி என்ன சொன்னது தெரியுமா? 250 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் வரும் இடத்தில், ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் குறைந்தது 914.4 மில்லிமீட்டர் காலி இடம் வேண்டும். பட்டறைக்கு வரும் மூன்று ஃபேஸ் லைன் இதில் அடங்கும். அதென்ன 914.4? கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்று அடி! அடிக்கணக்கை மீட்டருக்கு மாற்றியபோது புள்ளியைக்கூட விடவில்லை.

போர்டின் பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் இன்னொரு கணக்கு. பின்னாலுள்ள இடைவெளி ஏறத்தாழ 9 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 30 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கூடாது. யோசித்தால் காரணம் விளங்கும். 9 அங்குலத்தில் ஆள் நுழைய முடியாது. 30 அங்குலத்தில் நுழைந்து, வேலை பார்த்து, வெளியே வரலாம். 15 அங்குலம் என்றால் நுழைந்துவிடலாம், அவசரத்துக்கு வெளியே வர முடியாது.

அந்தக் காலத்து போர்டு ஒரு கற்பலகை. அதன்மேல் செம்புப் பட்டைகளும் கத்தி போன்ற ஸ்விட்சுகளும் திறந்தபடியே இருக்கும். பார்த்தாலே பயம் வரும், யாரும் பக்கத்தில் சாமான் வைக்க மாட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு கோவைப் பக்கம் மில்கள் பெருகின. பெரிய மில்லில் போர்டுக்குத் தனி இடம், அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள். பிறகு தொழில் சின்னப் பட்டறைகளுக்கும் பரவியது. போர்டு தகரப் பெட்டிக்குள் போய், லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஏறியது. செம்பு கண்ணில் படவில்லை, பயமும் போய்விட்டது.

ஆபத்து போகவில்லை. ஒருவர் கரண்டில் சிக்கினால், இன்னொருவர் ஓடிப்போய் மெயினை அணைக்க வழி வேண்டும். பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் சட்டென்று பின்வாங்க இடம் வேண்டும். உள்ளே பொறி பறந்தால் பிடித்துக்கொள்ள வேஸ்ட் காட்டனோ தின்னர் டின்னோ அட்டைப் பெட்டியோ அங்கே இருக்கக் கூடாது.

1910-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் போய் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2010-இல் வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இந்த அளவுகள் முழு எண்களாக இருந்தன. பின்னால் 20 செ.மீ.க்குக் குறைவு அல்லது 75 செ.மீ.க்கு மேல், முன்னால் 1 மீட்டர். கவனித்தீர்களா? பெட்டி எவ்வளவோ மாறியும் முன்னால் விட வேண்டிய இடம் குறையவில்லை, கூடியிருக்கிறது!

பொதுப் பட்டறையில் காலி இடத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதனால் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். வாடகையை நாலு பேராகப் பிரிக்கிறீர்கள் அல்லவா? இந்த ஒரு மீட்டரைக் கவனிக்கும் பொறுப்பையும் வாரம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் ஏணிகூடச் சாய்க்காதீர்கள்.

கோடு போட்டதும் படம் எடுத்து அனுப்புங்கள். டேப் வைத்து அளந்த படமாக இருக்கட்டும், பார்த்து மார்க் போடுகிறேன்.