பிரஜாவுரிமை மாறாத சலிஃப் கெய்ட்டா

1973ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலன்சியா நகரப் பத்திரிகையொன்று விளையாட்டுச் செய்தியொன்றுக்குத் தலைப்பிட்டது. ஜேர்மன் வீரர்களை வாங்கப் போன வலன்சியா கழகம் ஒரு கறுப்பரோடு திரும்பி வந்திருக்கிறது என்பது அதன் சாரம். செய்தி மேசையில் இரவிரவாகத் தலைப்பெழுதிப் பழகிய எனக்கு இதனை நினைக்குந்தோறும் கூச்சமேற்படுகிறது. தலைப்பில் இடம் குறைவுதான். ஆயினும் ஒரு பெயரை எழுதுவதற்கு இடமில்லாமற் போகாது.

அந்தப் பெயர் சலிஃப் கெய்ட்டா. இப்பெயரை இணையத்தில் தேடும் வாசகர்களுக்கு முதலில் அகப்படுபவர் மாலி நாட்டின் புகழ்பெற்ற பாடகர். நான் எழுத வந்தது அவரைப் பற்றியன்று. அதே நாட்டில், அதே பெயரோடு, மூன்று ஆண்டுகள் முன்னதாகப் பிறந்த உதைபந்தாட்ட வீரரைப் பற்றி.

1946 டிசம்பரில் பமாக்கோவில் இவர் பிறந்தபோது மாலி பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1960இல் நாடு சுதந்திரம் பெற்றபோது வயது பதின்மூன்று. புதிய குடியரசின் கொடியைக் கண்டு வளர்ந்த முதல் தலைமுறை இவருடையது. பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும். 1966இல் ஆபிரிக்கக் கழகங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியில் றியல் பமாக்கோ அணிக்காக 14 கோல்களை அடித்தார். இறுதியாட்டத்தின் முதற் சுற்றில் வென்ற அவ்வணி, இரண்டாஞ் சுற்றில் ஐவரி கோஸ்டின் அபிஜான் அணியிடம் கிண்ணத்தைப் பறிகொடுத்தது.

பமாக்கோவில் வியாபாரம் செய்த லெபனானியர் ஒருவர் பிரான்சின் சென் எத்தியேன் கழகத்தின் தீவிர அபிமானி. இந்த இளைஞனை அழைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் அவரே. மோதிபோ கெய்ட்டாவின் சோஷலிச அரசோ சிறந்த வீரர்கள் வெளியேறுவதை விரும்பவில்லை. ஆகவே 1967 செப்டெம்பரில் இவர் நேர்வழியிற் செல்லாது, லைபீரியத் தலைநகர் மொன்றோவியா ஊடாகப் பாரிசை அடைந்தார். விமான நிலையத்தில் வரவேற்க ஒருவரையும் காணவில்லை. வாடகைக் கார் ஒன்றில் ஏறி, சென் எத்தியேனுக்குப் போகச் சொன்னார். தூரம் 500 கிலோமீற்றருக்கு மேல். கட்டணத்தைக் கழகமே செலுத்தியது. இக்கதை பிரான்சில் இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது. கையிற் போதிய பணமின்றி அந்நிய தேசத்தில் இறங்கியவர்களுக்கு அதில் சிரிக்க அதிகமில்லை.

அந்தப் பணம் வீண்போகவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நகரமான சென் எத்தியேன் 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரெஞ்சுச் சம்பியனாயிற்று. 1969இல் ஐரோப்பியக் கிண்ணத்தில் பயேர்ன் மியூனிக்கிடம் 2-0 எனத் தோற்றுத் திரும்பிய அணி, சொந்த மைதானத்தில் 3-0 என வென்று முன்னேறியது. மூன்றாவது கோல் கெய்ட்டாவினுடையது. 1970இல் 'பிரான்ஸ் புட்போல்' சஞ்சிகை ஆபிரிக்காவின் சிறந்த வீரருக்கான விருதை முதன்முதலாக வழங்கியபோது அது இவருக்கே சென்றது. 1970-71 பருவகாலத்தில் இவர் 42 கோல்கள் அடித்தும் முதலிடம் கிட்டவில்லை. மார்செய் அணியின் யூகோஸ்லாவியரான ஸ்கோப்ளார் 44 அடித்திருந்தார்.

சென் எத்தியேனில் இவரது முதற் பருவகாலத்தில் இன்னொருவரும் அதே அணியில் ஆடினார். அல்ஜீரியரான ரஷீத் மெக்லூபி. 1958இல் பிரெஞ்சுத் தேசிய அணியின் வீரராக இருந்த அவர், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில் இரகசியமாக வெளியேறி, அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணி அமைத்த அணியிற் சேர்ந்தவர். நாடு விடுதலை பெற்ற 1962இன் பின்னர் அவர் சென் எத்தியேனுக்கு மீண்டார். ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். இருவரும் உடைமாற்றும் அறையில் என்ன பேசினார்கள் என்று கேட்டறிய எனக்கு ஆசையுண்டு. கெய்ட்டா 2023இலும் மெக்லூபி 2024இலும் மறைந்துவிட்டனர்.

1972இல் கழக நிர்வாகத்துடன் முரண்பட்ட கெய்ட்டா மார்செய்க்குச் சென்றார். முதல் ஆட்டமே பழைய கழகத்துக்கு எதிராக அமைந்தது. இரண்டு கோல்களை அடித்துக் கணக்குத் தீர்த்தார். உண்மையான சிக்கல் அதன்பின்னரே தொடங்கிற்று. பிரெஞ்சுக் கழகமொன்று இரண்டு வெளிநாட்டவரையே களமிறக்கலாம் என்பது அக்கால விதி. மார்செயிலோ ஏற்கெனவே இருவர் இருந்தனர்: சுவீடனின் மக்னுசன், மற்றும் அதே ஸ்கோப்ளார். கழகத்துக்கு ஒரு சுலபமான வழி தென்பட்டது. கெய்ட்டா பிரெஞ்சுப் பிரஜாவுரிமை பெற்றுக்கொண்டால் மூவரும் ஒன்றாக ஆடலாம். பிரான்சின் தேசிய அணிக்கும் ஒரு சிறந்த முன்கள வீரர் கிடைப்பார்.

கெய்ட்டா மறுத்துவிட்டார். அதன் விலை சிறியதன்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. மாலிக்கு உலகக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. 1972 ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தில் கொங்கோவிடம் 3-2 எனத் தோற்றதே மாலி அதுவரை எட்டிய உச்சம். பிரெஞ்சுச் சீருடை அணிந்தவர்களை நான் குறைகூறவில்லை. அதே பமாக்கோவிற் பிறந்து குழந்தையாகப் பிரான்சுக்கு வந்த ஜான் திகானா 1980களில் அந்நாட்டுக்காக அற்புதமாக ஆடினார். அவர் வளர்ந்த நாடு அது. கெய்ட்டாவிடம் கேட்கப்பட்டது வேறு. விதியொன்றின் எண்ணிக்கையைச் சரிக்கட்டுவதற்காக ஒருவர் தம் நாட்டைக் கைவிட வேண்டும் என்றனர்.

இவ்வாறே அவர் 1973இல் வலன்சியாவை அடைந்தார். நீண்டகாலம் வெளிநாட்டு வீரர்களுக்கு மூடியிருந்த ஸ்பெயினின் கதவு அவ்வாண்டுதான் திறந்தது. கிரைஃப் பார்சலோனாவுக்கு வந்ததும் அப்போதே. முதலில் குறிப்பிட்ட தலைப்பு இச்சூழலில் எழுதப்பட்டது. அங்கே மூன்று ஆண்டுகள், பின் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் மூன்று ஆண்டுகள், 1978இல் போர்த்துக்கல் கிண்ணம், ஈற்றில் அமெரிக்கா. சென் எத்தியேன் காலத்துக் கோல் மழை பின்னர் எங்கும் பெய்யவில்லை.

ஊர் திரும்பியவர் பமாக்கோவில் ஹோட்டல் நடத்தினார். 1990களில் தம் பெயரால் இளம் வீரர்களுக்கான பயிற்சி நிலையமொன்றை அமைத்தார். 2005 முதல் 2009 வரை மாலி உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார். 2006இல் றியல் மட்ரிட்டில் சேர்ந்த மஹமது தியாரா அந்நிலையத்தில் ஆடியவர். கெய்ட்டாவின் மருமகனான செய்து கெய்ட்டாவும் அங்கே பயின்றவரே. அவர் 2008இல் பார்சலோனாவிற் சேர்ந்து, 2009இலும் 2011இலும் ஐரோப்பியச் சம்பியன் அணியில் இடம்பெற்றார். 2012, 2013 ஆபிரிக்கக் கிண்ணப் போட்டிகளில் மூன்றாமிடம் பெற்ற மாலி அணியிலும் அவர் ஆடினார்.