போர்க்கால உள்ளரங்கத் தடகளம்: ஒரு வரலாற்று நோக்கு

திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாளையம் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளின் தடகளப் போட்டிகள் நடைபெற்றன. திறந்த வானின் கீழ் ஓடுவதும் தாண்டுவதுமே நம் நாட்டு மரபு. ‘தடகளம்’ என்னும் சொல்லே தடம், களம் என்னும் வெளியிடப் பெயர்கள் இரண்டும் இணைந்து உருவானதாகும். ஓடுதடத்தைக் கூரைக்குள் கொண்டு சென்றவர்கள் குளிர்நாட்டினர். பனி உறைந்த மாதங்களில் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அமெரிக்காவின் அமெச்சூர் தடகள ஒன்றியம் தேசிய உள்ளரங்கப் போட்டியை 1906இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் தொடங்கியது. பிற்காலத்தில் அங்குப் பயன்பட்டது மரப்பலகைத் தடம். வளைவுகளில் ஓடுபவர் சறுக்காதிருக்க வெளிவிளிம்பு உயர்த்தப்பட்டிருக்கும். ஒரு மைல் ஓட அதனைப் பதினொரு முறை சுற்ற வேண்டும். புகை மண்டிய அந்தக் கூடம் இரண்டாம் உலகப்போரின்போது பெற்ற முதன்மையே இங்கு ஆராயத்தக்கது.

சீனப் போரின் காரணமாக டோக்கியோ நகரம் 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்தும் பொறுப்பை 1938இலேயே கைவிட்டது. மாற்றிடமாகக் குறிக்கப்பட்ட ஹெல்சிங்கியிலும் அது நடைபெறவில்லை. 1944இல் லண்டனில் நடக்கவிருந்ததும் கைவிடப்பட்டது. ஆனால் அமெரிக்காவின் தேசியப் போட்டி நிற்கவில்லை. ஒலிம்பிக் பதக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் விளையாட்டு வரலாறுகளில் இத்தலைமுறையினர் இடம்பெறாமற் போகின்றனர். அவர்களுடைய ஆற்றலை அறியத் தேசியப் போட்டிப் பதிவுகளும் பிற உள்ளரங்கப் போட்டிப் பதிவுகளுமே சான்றுகளாகும்.

இறையியல் மாணவராக இருந்த கில் டாட்ஸ் 1942, 1944ஆம் ஆண்டுகளில் தேசிய உள்ளரங்க மைல் ஓட்டத்தில் வென்றார். 1944இல் சிகாகோவில் 4 நிமிடம் 6.4 வினாடியில் ஓடி உள்ளரங்க உலகச் சாதனையும் நிகழ்த்தினார். உயரத் தாண்டுதலில் 1941, 1945, 1946ஆம் ஆண்டுகளின் உள்ளரங்கப் பட்டங்களைப் பெற்ற ஆலிஸ் கோச்மன் 1948 வரை காத்திருந்து லண்டனில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. எல்லாருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை.

கார்னீலியஸ் வார்மர்டாம் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டும். கோலூன்றித் தாண்டுதலில் 15 அடியை முதன்முதலில் கடந்தவர் அவர் (1940). 1943 மார்ச்சில், தேசியப் போட்டியில் அன்று, சிகாகோ உள்ளரங்கப் போட்டியொன்றில் 15 அடி 8½ அங்குலம் தாண்டினார். 1951இல் பாப் ரிச்சர்ட்ஸ் தாண்டும்வரை வேறொருவரும் 15 அடியைத் தொடவில்லை. அவர் ஊன்றியது மூங்கிற்கோல். மூங்கிலைக் ‘கழை’ என்றும், அதன்மேல் ஏறி ஆடுவோரைக் கழைக்கூத்தர் என்றும் வழங்கும் தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. அன்று அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய மூங்கில் ஜப்பானிலிருந்து வந்தது. அந்நாட்டுடன் போர் மூண்டதும் வரத்து நின்றது. வீரனின் களத்தை மட்டுமன்றிக் கருவியையும் போர் பறித்ததற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை. வார்மர்டாம் கடற்படையில் சேர்ந்தார். போருக்குப் பின் பயிற்சியாளர் பணி ஏற்றதால் தொழில்முறையாளராகக் கருதப்பட்டு 1948 ஒலிம்பிக்கிற்கும் தகுதி இழந்தார். பயிற்றுவித்தலைக் குற்றம்போல் கொண்ட அவ்விதி இன்று வியப்பளிக்கிறது.

இந்தியாவிலும் போர்க்காலத்தில் தேசியப் போட்டிகள் தொடர்ந்தன. 1940இல் பம்பாயிலும் 1942இல் பாட்டியாலாவிலும் அவை நடைபெற்றன. இங்கு அவற்றுக்குக் கூரை தேவைப்படவில்லை. வெற்றி பெற்றோர் அடுத்துச் செல்ல உலக மேடைதான் இல்லை. இலங்கையின் டங்கன் வைட் 1918இல் பிறந்தவர். கைவிடப்பட்ட இரண்டு ஒலிம்பிக் ஆண்டுகளில் அவருக்கு வயது 22, 26. லண்டனில் 400 மீட்டர் தடையோட்டத்தில் வெள்ளி வென்றபோது வயது 30.

வார்மர்டாமின் உள்ளரங்கச் சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. 1959இல் அதனை முறியடித்த டான் பிராக் ஊன்றியது உலோகக் கோல். அவர் மறு ஆண்டு ரோமில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார்.