பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக்: எக்ஸார்சிஸ்ட்டும் மேல்மலையனூரும்

‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தைப் பார்க்காதவங்களுக்கும் அதுல ரெண்டு காட்சி தெரிஞ்சிருக்கும். கட்டிலோட சேர்ந்து குலுங்குற பன்னிரண்டு வயசுப் பொண்ணு, முழு வட்டமா திரும்புற அவளோட தலை. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-ல எழுதின நாவல் அது. 1973 டிசம்பர்ல வில்லியம் ஃப்ரீட்கின் அதைப் படமா கொண்டுவந்தார். பத்து ஆஸ்கர் பரிந்துரை, ரெண்டு விருது. சிறந்த படத்துக்கான போட்டியில ஒரு பேய்ப் படம் நின்னது அதுதான் முதல் தடவை.

இன்னைக்கு அந்தப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போகப்போறோம். ஏன்னா, அங்க பேய் ஓட்டுறதுக்கு பஸ் ரூட்டே இருக்கு. அமாவாசை அன்னைக்குச் சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலயோ விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுலயோ நின்னு பாருங்க. எலுமிச்சம்பழப் பையோட குடும்பம் குடும்பமா ஏறுவாங்க. செஞ்சி வழியா போய் இறங்குற இடம் மேல்மலையனூர், அங்காளம்மன் கோயில். நடுராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்க்க வர்ற கூட்டம்தான் பெரும்பாலும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, “எங்க பொண்ணுக்குக் காத்து கருப்பு பட்டிருக்கு”ன்னு கூட்டிட்டு வர்றவங்களும் இருப்பாங்க.

அந்த ஊர்க் கதைப்படி முதல்ல பிடிபட்டதே சிவன்தான். பிரம்மாவோட அஞ்சாவது தலையை சிவன் கிள்ளி எறியறார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்குது. கையில விழுற பிச்சைச் சோத்தை எல்லாம் அதுவே தின்னுடுது. பித்துப் பிடிச்ச மாதிரி ஊர் ஊரா அலையறார். மேல்மலையனூர் சுடுகாட்டுல அம்மன் சோத்துக் கவளத்தை வாரி இறைக்கிறா. ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்கிச் சாப்பிடப் போகுது. அம்மன் ஆங்கார உருவம் எடுத்து அதை மிதிச்சு அடக்குறா. மாசி மாசம் சிவராத்திரி முடிஞ்சு நடக்குற மயானக் கொள்ளை இந்தக் கதையோட திருவிழாதான்.

அதாவது, கபாலத்தை விரட்டல. ஆசை காட்டி இறக்கியிருக்காங்க. எக்ஸார்சிஸ்ட்ல இதுக்கு நேர் எதிர். அங்க வயசான பாதிரியார் மெரின், அந்தச் சாத்தான்கிட்ட பேச்சே கொடுக்காதேன்னு இளைய பாதிரியார்கிட்ட எச்சரிக்கிறார். அது பொய்யையும் உண்மையையும் கலந்து பேசுமாம். அவங்க வேலை கட்டளை போடுறது. மேல்மலையனூர்ல பேசாம வேலையே நடக்காது.

இந்தச் சடங்கை ரொம்ப நெருக்கமா பார்த்து எழுதினவங்க இசபெல் நபோகோவ்ங்கிற மானுடவியலாளர். 1990-களோட தொடக்கத்துல, விழுப்புரம் தனி மாவட்டமா பிரியறதுக்கு முன்னாடி, தென்னாற்காட்டுல தங்கி ஆய்வு பண்ணாங்க. 1997-ல ஒரு கட்டுரை, 2000-ல ஒரு புத்தகம். அவங்க விவரிக்கிறதைச் சுருக்கமா சொல்றேன்.

சடங்கை நடத்துறவங்க பம்பைக்காரங்க. பம்பை அடிச்சு, பாட்டுப் பாடி, முதல்ல அம்மனை வரவழைப்பாங்க. அப்புறம் பொண்ணுகிட்ட, சரியா சொன்னா பொண்ணுக்குள்ள இருக்கிறதுகிட்ட, விசாரணை. நீ யாரு? எந்த ஊரு? எந்த சாதி? எப்படிச் செத்த? இவளை எங்க பிடிச்ச? பம்பைச் சத்தம் ஏற ஏற, பொண்ணு தலையை விரிச்சுப்போட்டு ஆடுவா. கடைசியில பதில் வரும். அந்தப் பதில்கள்ல பெரும்பாலும் ஒரே மாதிரி ஒரு கதை. பேய் ஒரு இளைஞன். காதல் கைகூடாம அல்பாயுசுல செத்தவன். ஊருக்கு வெளிய ஆளில்லாத இடத்துல இவ தனியா வந்தப்போ பார்த்து ஆசைப்பட்டுப் பிடிச்சிட்டான்.

அப்புறம் பேரம். என்ன கொடுத்தா போவே? கோழி கேட்கும், கொடுப்பாங்க. போறேன்னு சத்தியம் பண்ணதும் பொண்ணு ஒரு கல்லைத் தூக்கிக்கிட்டுப் புளியமரத்துக்கு ஓடணும். கல்லைப் போட்டதும், அவளோட தலைமுடியில ஒரு கொத்தை மரத்துல ஆணி அடிச்சு, வெட்டி விடுவாங்க. பேய் மரத்தோட, பொண்ணு வீட்டோட.

எந்த வீடு? இங்கதான் நபோகோவ் நிக்கிறாங்க. அவங்க பார்த்ததுல பேய் பிடிச்ச பெண்கள் பெரும்பாலும் புதுசா கல்யாணம் ஆனவங்க. புருஷன் வீட்டுல இருக்க முடியாம அம்மா வீட்டுக்கு ஓடி வந்தவங்க அதுல நிறைய.

ஐ. எம். லூயிஸ்னு ஒரு மானுடவியலாளர், பிளாட்டியோட நாவல் வந்த அதே 1971-ல, ஒரு புகழ்பெற்ற வாதத்தை வெச்சார். அதிகாரம் இல்லாத பெண்களுக்கு ஆவி ஒரு வாய். நேரா சொல்ல முடியாததை ஆவி மேல போட்டுச் சொல்லலாம். கேட்க நல்லா இருக்கு, நம்ம கல்லூரி செமினார்கள்ல இன்னும் ஓடுற வாதம். நபோகோவ் இதை ஒத்துக்கல. அந்த வாயில வர்ற கதை யாரோடது? மாமியார், புருஷன், படுக்கை, பயம்னு அவளுக்கு இருந்த கஷ்டம் பம்பைக்கு முன்னாடி வந்ததும் யாரோ ஒரு செத்த பையனோட காதல் கதையா மாறிடுது. அந்தக் காதலனை ஓட்டினா, மனைவி திரும்பக் கிடைச்சுடுவா.

எனக்கு நபோகோவ் பக்கம்தான் சாய்வு. ஆனா லூயிஸை முழுசா தள்ளவும் மனசு வரல. ஒரு ராத்திரி முழுக்க ஊரே அவளைச் சுத்தி உட்கார்ந்து “உனக்கு என்ன வேணும்”னு கேட்குது. வேற எந்த ராத்திரியில அவகிட்ட அதைக் கேட்டிருப்பாங்க?

யாரோட குரல்ங்கிற கேள்வி ஹாலிவுட்லயும் இருந்துச்சு. பிளாட்டிக்குத் தூண்டுதலா இருந்தது, 1949-ல மாணவரா இருந்தப்போ பேப்பர்ல படிச்ச ஒரு செய்தி. அதுல பேய் பிடிச்சதா சொன்னது ஒரு பையனுக்கு. நாவல்ல அது பொண்ணாச்சு. படத்துல ரீகனா நடிச்சது லிண்டா பிளேர். ஆனா சாத்தானோட கரகரப்புக் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்ங்கிற மூத்த நடிகையோடது. முதல்ல டைட்டில்ல அவங்க பேரே இல்ல. சண்டை போட்டுத்தான் வாங்கினாங்க.

அடுத்தடுத்து வந்த பாகங்கள் சுமார் ரகம். 1977-ல வந்த ரெண்டாவது பாகத்தைப் பார்த்து ஜனங்க சிரிச்சாங்க. 1990-ல பிளாட்டியே இயக்கின மூணாவது எனக்குப் பிடிக்கும். முன்கதையை பால் ஷ்ரேடர் எடுத்து முடிச்சதும், ஸ்டுடியோவுக்குப் பிடிக்காம ரென்னி ஹார்லினை வெச்சுத் திரும்ப எடுத்தாங்க; 2004-ல ஒண்ணு, 2005-ல இன்னொண்ணுன்னு ரெண்டுமே வெளிய வந்துச்சு. 2023-ல ‘பிலீவர்’. ஒவ்வொண்ணும் சாத்தானுக்குக் கூடுதலா ஒரு வரலாறு தேடுது, பயம் குறையுது.

நம்ம சினிமாவுல வரலாறுதான் படமே. ‘சந்திரமுகி’யில (2005) டாக்டர், பேய் கேட்ட பழியை ஒரு பொம்மையை வெச்சுத் தீர்த்துக் கொடுக்கிறார். சுத்தமான மேல்மலையனூர் பேரம் அது. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) எல்லாத்துலயும் “நீ யாரு?”ன்னு கேட்டதும் ஃப்ளாஷ்பேக். ஆனா ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கு. காஞ்சனாவுல பிடிபடுறவன் ஆம்பளை, பேய் கொல்லப்பட்ட திருநங்கை. நபோகோவ் பார்த்த பேய்களோ ஆண்கள், பிடிபட்டவங்க பெண்கள். அநீதிக்கு ஆளானவங்க பேயா வந்தாத்தான் தியேட்டர்ல நாம விசில் அடிப்போம். புளியமரத்தடியில அநீதிக்கு ஆளானவ உயிரோட நின்னா.

இதுல கிராமியக் கலை, மரபுன்னு மட்டும் சொல்லி மயங்கவும் கூடாது. பேய், பில்லி சூனியம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போன இடங்கள்லயே வருஷக்கணக்கா விடப்பட்டவங்க உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு காப்பகம் தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. மனநலம் பாதிச்ச யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-வது பிரிவுல சொல்லுது.

இந்த எபிசோட் கேட்கிற பலருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருப்பாங்க. உங்க பாட்டியோ பெரியம்மாவோ, “எனக்கு ஒரு காலத்துல பேய் பிடிச்சிருந்துச்சு”ன்னு சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, பேய் பேரு என்னன்னு கேட்காதீங்க. அப்போ அவங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை மாசம் ஆகியிருந்துச்சு, மரத்துல முடியை அடிச்சுட்டு வந்த மறுநாள் எந்த வீட்டுக்குப் போனாங்க, அங்க எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. அவங்களுக்குச் சம்மதம்னா மட்டும், பேரு ஊரு இல்லாம, எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.