சிவப்பு டர்பன்டைன் வண்டு

சிவப்பு டர்பன்டைன் வண்டு, வட அமெரிக்காவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டு, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட சீனப் பைன் காடுகளைப் பெருமளவில் அழித்த அயல் பட்டை வண்டு இனமாகும். இதன் அறிவியற்பெயர் டென்ட்ரோக்டோனஸ் வேலன்ஸ். மரப்பட்டையைத் துளைத்து உட்சென்று, இலைகளில் உருவாகும் உணவை வேருக்குக் கடத்தும் உரியத் திசுவைத் தின்று, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும் வண்டுகள் பட்டை வண்டுகள் எனப்படும். அவற்றுள் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. இவ்வினமோ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்வது.

தாயகத்தில் இவ்வண்டு பெரும்பகை எனக் கருதப்பட்டதில்லை. காட்டுத்தீயில் கருகிய மரங்கள், வேறு பூச்சிகளால் நலிந்த மரங்கள், வெட்டுண்ட அடிக்கட்டைகள் ஆகியவற்றையே அது பெரும்பாலும் நாடும். நலமான பைன் மரமோ துளையிடப்பட்ட இடத்தில் பிசினைப் பீறிடச் செய்து வண்டை வெளியே தள்ளிவிடும். சீனாவில் நிலைமை வேறாயிற்று. 1980களில் அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்திலிருந்து இறக்குமதியான பதப்படுத்தாத மரத்தடிகளோடு வண்டு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 1998இல் ஷான்ஷி மாகாணத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, மறு ஆண்டிலேயே கொள்ளைநோய்போல் பெருகி, ஹெபெய், ஹெனான் முதலிய மாகாணங்களுக்கும் பரவிய இது, சீனப் பைன் எனப்படும் பைனஸ் டபுலிஃபார்மிஸ் மரங்களில் 1 கோடிக்கு மேற்பட்டவற்றைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. வறண்ட மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுப்பதற்காகப் பரந்த அளவில் நட்டு வளர்க்கப்பட்ட மரம் இது என்பதால், இழப்பு வெட்டுமரத்தின் மதிப்போடு நிற்கவில்லை. அக்காலத்து வறட்சியும் கடுமை குறைந்த குளிர்காலங்களும் மரங்களின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து வண்டின் பெருக்கத்திற்குத் துணைபுரிந்தன.

பெண் வண்டே முதலில் மரத்தை அடைந்து, பெரும்பாலும் தரையை ஒட்டிய அடித்தண்டில் துளையிடும். வழியும் பிசின் மரத்தூளோடு கலந்து துளைவாயில் செந்நிறக் கட்டியாக உறைவது தாக்குதலின் முதல் அடையாளம். முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் தனித்தனி வழிகளைக் குடையாமல் ஒன்றுதிரண்டு உரியத்தைத் தின்பதால், பட்டைக்கடியில் அகன்ற பொதுக்குகை ஒன்று உருவாகிறது. இக்குகைகள் அடித்தண்டைச் சுற்றி ஒன்றோடொன்று இணையுமானால் வேருக்கு உணவு செல்வது நின்று மரம் பட்டுப்போகும். சீனாவில் புழுக்கள் தண்டோடு நில்லாமல் வேர்களுக்குள்ளும் இறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மண்ணுக்கடியில் உறைபனி எட்டாமையால் அவை பிழைத்துக்கொள்கின்றன. பட்ட மரத்தை வெட்டி அகற்றினாலும் வேரில் எஞ்சியவை அழிவதில்லை.

இவ்வளவு அழிவையும் வண்டின் கணக்கில் மட்டும் எழுதுவது பொருந்தாது. வண்டு தன் உடலில் லெப்டோகிராஃபியம் புரோசெரம் என்னும் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து செல்கிறது. சீனாவில் பிரித்தெடுக்கப்பட்ட இப்பூஞ்சையின் சில வகைகள், தாம் தொற்றிய பைன் கன்றுகளில் 3-கேரீன் என்னும் எளிதில் ஆவியாகும் பிசின் வேதிப்பொருளின் சுரப்பை மிகுவிப்பதையும், அமெரிக்க வகைகளில் அவ்விளைவு அந்த அளவுக்குக் காணப்படாததையும் சீன அறிவியற் கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 3-கேரீனின் மணம் இவ்வண்டை வலுவாக ஈர்ப்பது. ஆகவே மரம் தற்காப்பிற்காகச் சுரக்கும் பொருளே மேலும் வண்டுகளை அழைத்து வருகிறது.

இதே ஈர்ப்பு கட்டுப்பாட்டிற்கும் பயன்படுகிறது: 3-கேரீன் வைத்த பொறிகள் வண்டின் நடமாட்டத்தைக் கண்காணிக்கவும் எண்ணிக்கையைக் குறைக்கவும் உதவுகின்றன. அடித்தண்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடி அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளால் நச்சுப்புகையூட்டுவதும், ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தாக்கும் பட்டை வண்டுக்கு எதிராக வளர்க்கப்பட்ட ரைசோஃபேகஸ் கிராண்டிஸ் என்னும் இரைகொல்லி வண்டை விடுவதும் கையாளப்பட்ட பிற முறைகள். காட்டில் மரங்களை அளவின்றிக் கலைத்து வெட்டுவது எதிர்விளைவையே தரும். புதிய அடிக்கட்டையின் பிசின் மணம் வண்டுகளை வரவழைத்துவிடும்.

இத்தகைய பூச்சிகள் மரத்தோடு நாடுவிட்டு நாடு செல்வதைத் தடுக்க, பன்னாட்டு வணிகத்தில் மரப் பொதிபெட்டிகளை உட்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கவோ நச்சுப்புகையூட்டவோ வேண்டும் என்னும் விதி 2002இல் ஏற்கப்பட்டது. எனினும் அது பொதிபெட்டிகளுக்கே உரியது, மரத்தடி வணிகத்திற்கு அன்று. சீனாவில் உருவான பூஞ்சை வகையைச் சுமந்துகொண்டு இவ்வண்டு வட அமெரிக்காவுக்கே திரும்புமானால், அங்கு இதுவரை இதைத் தாங்கிநின்ற பைன் மரங்களும் வீழக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர்.